சினை நாய்க்கு ஸ்கேன், எக்ஸ்ரே, பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். எந்தப் பரிசோதனையை எந்த நாளில் செய்வது என்பதில் கணக்குத் தவறினால், செலவு செய்தும் பயனில்லாமல் போய்விடும். கிளினிக்கில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்: 28-30ஆம் நாள் வாக்கில் ஒரு ஸ்கேன், 55 நாள் தாண்டியதும் ஒரு எக்ஸ்ரே. முதலாவதை ஆசையாக எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரசவ ராத்திரியில் கைகொடுப்பது அந்த இரண்டாவதுதான்.

மேட்டிங் ஆகி 15 நாள் ஆகிறது. இப்போதே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. கரு கருப்பைச் சுவரில் ஒட்டுவதற்கே 17 முதல் 21 நாள் வரை ஆகும். அதற்கு முன்னால் திரையில் தெரிவது வெறும் கருப்பை, அதுவும் எல்லா நாய்க்கும் சரியாகப் பிடிபடாது. 15ஆம் நாள் "ஒன்றும் இல்லை" என்று கேட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்று ஊசி மருந்துகளைப் போட்டவர்கள் உண்டு. சினையாகவே இருந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

28ஆம் நாளுக்கு மேல் வாருங்கள். அப்போது கருப்பைக்குள் கறுப்பாக, வட்டமாக நீர்ப்பைகள் திரையில் தெரியும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு கரு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் ஒரு புள்ளி விடாமல் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்துவிட்டால் சினை உறுதி, கரு உயிரோடு இருக்கிறது என்பதும் உறுதி. ஒரே பரிசோதனையில் இரண்டுக்கும் பதில் கிடைப்பதால்தான் இந்த நாளை வலியுறுத்துகிறேன்.

63 நாள் என்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?

63 நாள் என்பது கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணுவது. ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். நம்மிடம் இருப்பதோ மேட்டிங் தேதி. இரண்டும் ஒன்றல்ல. ஆண் நாயின் விந்தணு பெட்டை நாயின் உடம்புக்குள் ஐந்தாறு நாள் வரைகூட உயிரோடு காத்திருக்கும். நாயின் முட்டை வெளிவந்த உடனே கருத்தரிக்கத் தயாராக இருக்காது. முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். அதனால் மேட்டிங் தேதியிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளிலும் குட்டி போடலாம், 72 வரையிலும் போகலாம். இரண்டுமே இயல்புதான்.

சரியான தேதி தெரிய வேண்டுமென்றால் ஹீட் நேரத்திலேயே (பெட்டை நாய் இனச்சேர்க்கைக்குத் தயாராகும் நாட்களில்) புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும். பக், புல்டாக் மாதிரித் தட்டை மூக்கு நாய்களுக்கும், முன்பு சிசேரியன் ஆன நாய்களுக்கும் இதைச் செய்யாமல் மேட்டிங் செய்யவே வேண்டாம் என்பேன். சிசேரியனை நாலு நாள் முன்னதாகச் செய்தால் குட்டிகளின் நுரையீரல் முதிர்ந்திருக்காது, தாமதித்தாலும் ஆபத்து. அந்த முடிவை எடுக்கத் தேதிதான் ஆதாரம்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையை நாய்க்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. அந்த அட்டை தேடுவது மனிதக் கர்ப்பத்தில் மட்டும் சுரக்கும் ஹார்மோனை. நாய்க்கு அது சுரப்பதே இல்லை. எத்தனை குட்டி வயிற்றில் இருந்தாலும் அட்டை "இல்லை" என்றுதான் காட்டும்.

ரத்தப் பரிசோதனையில் சினை தெரியாதா?

தெரியும், ஆனால் எல்லா ஹார்மோனும் உதவாது. புரோஜெஸ்ட்டிரோனை வைத்துச் சினை என்று சொல்ல முடியாது. ஹீட் முடிந்த பெட்டை நாய்க்குச் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது ஏறத்தாழ இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும். ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. அது இருந்தால் சினை. ஏறக்குறைய நான்காவது வாரத்திலிருந்து தெரியவரும். ஆனால் குட்டி உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஸ்கேன் வசதி பக்கத்தில் இருந்தால் ஸ்கேனே மேல்.

கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் அனுபவமுள்ள டாக்டரால் சொல்ல முடியும். அதற்கு மூன்றாவது வாரக் கடைசியிலிருந்து 30ஆம் நாள் வரைதான் நல்ல நேரம். அப்போது கருப்பை முத்துக்கோத்ததுபோல் தனித்தனி உருண்டையாக இருக்கும். 35 நாளுக்கு மேல் உருண்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வீட்டில் நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஸ்கேனுக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டுமா? முடியை மழிப்பார்களா?

காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் போதும், தண்ணீர் கொடுக்கலாம். ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் போன்ற அடர்முடி நாய்களுக்கு அடிவயிற்றில் கொஞ்சம் மழிக்க வேண்டியிருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மயக்க ஊசி எதுவும் தேவையில்லை. பழகிய ஆள் தலைப்பக்கம் நின்று தடவிக்கொடுத்தால் போதும்.

ஸ்கேனில் ஐந்து என்றார்கள், எட்டு பிறந்தது. மெஷின் சரியில்லையா?

மெஷினில் குறையில்லை. ஸ்கேன் வயிற்றை ஒரு நேரத்தில் ஒரு சின்னத் துண்டாகத்தான் காட்டும். வயிற்றின் மேல் வைக்கும் கருவியை (புரோப்) நகர்த்த நகர்த்தப் படம் மாறும். நாயின் கருப்பைக்கு நீளமான இரண்டு கொம்புகள். அவை வளைந்து மடிந்து கிடக்கும். ஒரே கருவை இரண்டு முறை எண்ணவும் செய்யலாம், குடல் வாயுவுக்குப் பின்னால் இருப்பதைத் தவறவிடவும் செய்யலாம். குட்டிகள் அதிகமாக இருந்தால் எண்ணிக்கை இன்னும் தவறும். ஸ்கேன் பார்த்துவிட்டு நான் எண்ணிக்கை சொல்வதில்லை. "ஒன்றிரண்டுதான் போலிருக்கிறது" அல்லது "நிறைய இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எண்ணுவதற்கு உரியது எக்ஸ்ரே.

சினையாக இருக்கும்போது எக்ஸ்ரேயா? குட்டிக்கு ஊனம் வந்துவிடாதா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். பயம் நியாயமானது. மனிதர்களுக்குக் கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே வேண்டாம் என்று எல்லோருமே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

கதிர்வீச்சால் கருவுக்கு அதிகத் தீங்கு வருவது உறுப்புகள் உருவாகும் காலத்தில். நாய்க்கு அது சினையின் முதல் பாதியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நாம் எக்ஸ்ரே எடுப்பது 55ஆம் நாளுக்கு மேல். அப்போது உறுப்புகள் எல்லாம் உருவாகி முடிந்திருக்கும். குட்டி எடை கூடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒன்றிரண்டு படம் எடுப்பதில் உள்ள கதிர்வீச்சு மிகக் குறைவு. மறுபக்கம், உள்ளே எத்தனை குட்டி என்று தெரியாமல் பிரசவத்துக்குள் போவதில் இருப்பது நேரடியான ஆபத்து. கடைசிக் குட்டி உள்ளே தங்கி, யாருக்கும் தெரியாமல் இறந்து, தாய்க்கும் விஷமேறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டில் எது பெரிது என்பதில் சந்தேகமே வராது.

ஆனால் 20, 30 நாளில் "சினையா என்று பார்க்க" எக்ஸ்ரே எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போது எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருக்காது, படத்தில் எதுவும் தெரியாது. கருவின் எலும்பு எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்குவதே 45ஆம் நாள் வாக்கில்தான், அதுவும் மங்கலாக. அந்தப் படத்தை வைத்து எண்ணினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

இன்னொன்று: எக்ஸ்ரே அறையில் நாயைப் பிடித்துக்கொள்ளக் கர்ப்பிணிப் பெண்களும் சிறுபிள்ளைகளும் உள்ளே வரக் கூடாது. பிடிப்பவர் ஈய ஏப்ரன் போட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் எப்படி எண்ணுகிறீர்கள்? வேறு என்ன தெரியும்?

தலைகளை எண்ணுவோம், பிறகு தனியாக முதுகெலும்புகளை எண்ணுவோம். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கவாட்டுப் படம், மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு படம். முதல் படத்தில் ஒரு குட்டியின் தலை இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தால் இரண்டாவதில் பிடிபடும். கடைசி வாரத்தில் மல்லாக்கப் படுப்பது தாய்க்குச் சிரமம். வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ஆகவே சட்டென்று எடுத்து எழுப்பிவிடுவோம்.

இதற்கு வரும்போது ஒரு வேண்டுகோள். கிளம்புமுன் நாயை வெளியே நடத்திக் கூட்டிப்போய் மலம் கழிக்க விடுங்கள். வயிறு முட்டச் சாப்பாடு போட்டு அழைத்து வராதீர்கள். நிறைந்த இரைப்பையும் குடலும் படத்தில் குட்டிகளை மறைத்துவிடும்.

எண்ணிக்கை தவிர, தாயின் இடுப்பெலும்பு வழியையும் குட்டியின் தலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குட்டி இறந்து நேரமாகியிருந்தால் உடம்பைச் சுற்றியும் உள்ளேயும் வாயு தெரியும், மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அப்போதுதான் இறந்த குட்டியை எக்ஸ்ரே காட்டாது; அதற்கு ஸ்கேன் வேண்டும். 58ஆம் நாளுக்கு மேல் சில படங்களில் குட்டியின் பற்களில்கூடச் சுண்ணாம்பு ஏறியிருப்பது தெரியும். அது தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது.

குட்டி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முன்கூட்டியே கவலைப்பட வேண்டாம். நாய்க்குட்டி பின்கால் முன்னால் வர வெளிவருவதும் சாதாரணம்.

கடைசி வாரத்தில் மறுபடியும் ஸ்கேன் எதற்கு?

இதயத் துடிப்பைப் பார்க்க. வயிற்றிலிருக்கும் குட்டிக்கு நிமிடத்துக்கு 200க்கு மேல், 220 வாக்கில் துடிக்க வேண்டும். 180க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் குட்டிக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். 160க்குக் கீழே என்றால் காத்திருக்க நேரமில்லை. கருப்பை சுருங்கும்போது துடிப்பு கொஞ்ச நேரம் இறங்கி ஏறுவது உண்டு. அதனால் ஒரு தடவை அளந்துவிட்டு முடிவெடுக்காமல், சில நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொரு அருமையான அடையாளம், குட்டியின் குடல். நாள் நெருங்கும்போது அது அசையத் தொடங்கும். கூர்ந்து பார்த்தால் குட்டியின் வயிற்றுக்குள் குடல் நெளிவது திரையில் தெரியும். எல்லாக் குட்டியிலும் தெரிந்தால் முதிர்ந்துவிட்டன என்று நம்பலாம். சிசேரியனுக்கு நாள் குறிக்கும்போது இதையும் தாயின் புரோஜெஸ்ட்டிரோன் அளவையும் சேர்த்தே பார்க்கிறோம். அந்த அளவு 2 நானோகிராமுக்குக் கீழே வந்தால் பொதுவாக ஒரு நாளுக்குள் பிரசவம்.

30ஆம் நாள் நாலு கரு பார்த்தோம். இப்போது இரண்டுதான் என்கிறார்கள். மற்றவை எங்கே போயின?

35 நாளுக்குள் இறக்கும் கருவைத் தாயின் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ரத்தம்கூட வராமல் போகலாம். ஒன்றிரண்டு இப்படிப் போவது நல்ல ஆரோக்கியமான நாய்களிலும் நடப்பதுதான். மிச்சக் குட்டிகள் நன்றாகவே வளரும். எல்லாமே போனாலோ, அடுத்தடுத்த சினையிலும் இப்படி நடந்தாலோ புருசெல்லா கேனிஸ் என்ற கிருமிக்குப் பரிசோதனை அவசியம். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. அந்தக் கிருமி 45 நாளுக்கு மேல் கருச்சிதைவையும் உண்டாக்கும். விழுந்த கருவை வெறுங்கையால் தொடாதீர்கள்.

வயிறு பெருத்திருக்கிறது, பாலும் சுரக்கிறது. ஸ்கேனில் குட்டி இல்லை. எப்படி?

பொய்ச்சினை. முன்பு சொன்ன புரோஜெஸ்ட்டிரோனின் ஏற்ற இறக்கத்தால் வருவது. பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கும், மூலையில் துணியை இழுத்துப்போட்டுப் பள்ளம் பறிக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகும். பாலைப் பீய்ச்சி எடுக்காதீர்கள். எடுக்க எடுக்கச் சுரக்கும்.

இதே தோற்றத்தில் வரும் இன்னொரு நோய்தான் பயங்கரமானது: கருப்பையில் சீழ் கட்டுவது. ஹீட் முடிந்து நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் வயிறு பெருக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும், சோர்ந்து படுக்கும். வீட்டில் சினை என்று நினைத்துக் காத்திருப்பார்கள். சீழ் வெளியே வடியாமல் உள்ளேயே தங்கும் வகையாக இருந்தால் ஒரே நாளில் நிலைமை கைமீறிவிடும். ஸ்கேன் வைத்தால் நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். சினை என்று நினைக்கிற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

எங்கள் தெருநாய் ஒன்று சினையாக இருக்கிறது. தேதி எதுவும் தெரியாது. எப்போது குட்டி போடும் என்று சொல்ல முடியுமா?

ஓரளவு நெருக்கமாகவே சொல்லலாம். சினையின் இரண்டாம் பாதியில் ஸ்கேனில் குட்டியின் தலை அகலத்தை அளப்போம். நம் தெருநாய்களைப் போன்ற நடுத்தர உடல்வாகுக்குப் பிரசவ நேரத்தில் அது 29 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். இன்று 22 என்று வந்தால் இன்னும் சுமார் 10 நாள். சின்ன இன நாய்களுக்குக் கணக்கு வேறு. 25 மில்லிமீட்டரிலேயே நாள் வந்துவிடும். இரண்டு மூன்று குட்டிகளை அளந்து சராசரி எடுப்பது நல்லது. கட்டணம் கவலையாக இருந்தால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகலாம். தனியாரைவிடச் செலவு குறையும்.

ஸ்கேன் நன்றாக இருந்தால் ரத்தப் பரிசோதனை தேவையா?

நம் ஊரில் தேவை. உண்ணிக் காய்ச்சல் இங்கே வருடம் முழுக்க இருக்கிறது. சினை நாய்க்குக் கடைசி வாரங்களில் ரத்தச் சிவப்பணு அளவு இயல்பாகவே கொஞ்சம் குறையும். தட்டணுக்களும் சேர்ந்து குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். தட்டணு குறைந்த நாய்க்குப் பிரசவத்திலோ சிசேரியனிலோ ரத்தம் நிற்காது. 30ஆம் நாள் ஸ்கேனுக்கு வரும்போதே ரத்தமும் எடுத்துவிட்டால் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரும் டாக்ஸிசைக்ளின் குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கக்கூடியது. பழைய சீட்டை வைத்து நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

தடுப்பூசி, பூச்சி மருந்து?

தடுப்பூசிகளை மேட்டிங்குக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் சினையில் கூடாது. வெறிநாய் கடித்துவிட்டால் மட்டும் சினையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. அன்றே போக வேண்டும்.

உருண்டைப் புழுவின் குஞ்சுகள் தாயின் உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகும். அதனால் 40ஆம் நாளிலிருந்து குட்டி போட்டு 14 நாள் வரை ஃபென்பென்டசோல் தினமும் கொடுக்கும் முறை இருக்கிறது. அளவை நாயின் எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

கால்சியம் டானிக் எப்போது தொடங்க வேண்டும்?

சினையில் வேண்டாம். வெளியிலிருந்து கால்சியம் ஊற்றிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை உடம்பு விட்டுவிடும். பிறகு குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கும்போது திடீரென்று ரத்தத்தில் கால்சியம் சரிந்து நடுக்கமும் வலிப்பும் வரும். நல்லது என்று நினைத்துக் கொடுத்ததே தீமையாக முடியும். ஐந்து, ஆறாவது வாரத்திலிருந்து குட்டிகளுக்கான பாக்கெட் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், போதும்.

பிரசவம் நெருங்குவதை வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது ஓடிவர வேண்டும்?

58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காலண்டரிலேயே எழுதி வையுங்கள். இயல்பு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட். அது 99க்குக் கீழே இறங்கினால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பிரசவம். இறங்கி 24 மணி நேரம் கடந்தும் வலி தொடங்கவில்லை என்றால் வாருங்கள்.

முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், உடனே கிளம்புங்கள். பலமாக முக்கியும் 30 நிமிடத்தில் குட்டி வரவில்லை என்றாலும், உள்ளே இன்னும் இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது வராவிட்டாலும் அதே அவசரம்தான். "உள்ளே இன்னும் இருக்கிறது" என்பதை உங்களுக்குச் சொல்லப்போவது அந்த எக்ஸ்ரே. நடு ராத்திரியில் நாலாவது குட்டியை நக்கிக்கொண்டு தாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது, படத்தில் எண்ணியது ஐந்து என்பது தெரிந்த வீடு தூங்கப் போகாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை யார் சொன்னாலும் வீட்டில் போடாதீர்கள். குட்டி குறுக்கே அடைத்திருந்தால் கருப்பையே கிழியக்கூடும்.

எக்ஸ்ரேயில் ஒரே ஒரு குட்டி. நல்லதுதானே, சுலபமாகப் பிறக்கும்?

நேர்மாறு. பிரசவம் தொடங்குவதற்கான சமிக்ஞை குட்டிகளிடமிருந்துதான் போகிறது. ஒரே குட்டியின் சமிக்ஞை போதாமல் வலியே தொடங்காமல் போகலாம். தனியாக வளர்வதால் குட்டியும் பெரிதாக இருக்கும். இந்த நாய்களுக்குத் தேதியைத் துல்லியமாகக் கணித்து, புரோஜெஸ்ட்டிரோன் பார்த்து, சிசேரியனுக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

குட்டி போட்ட பிறகும் பரிசோதனை உண்டா?

ஒன்றிரண்டு நாளுக்குள் தாயையும் குட்டிகளையும் ஒரு தடவை காட்டுங்கள். எக்ஸ்ரே கணக்கும் பிறந்த கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம். முதல் சில நாள் பச்சை கலந்தும் பிறகு செம்பழுப்பாகவும் கசிவு இருக்கும். மூன்று வாரம் வரை அது குறைந்துகொண்டே வரும். நாற்றமடித்தாலோ, தாய்க்கு 103க்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, குட்டிகளை விட்டு ஒதுங்கிப் படுத்தாலோ அன்றைக்கே வாருங்கள். குட்டிகளையும் ஒரு கூடையில் கதகதப்பாக வைத்துக் கூடவே எடுத்து வாருங்கள்.